சும்மா கிடக்கிற வைக்கோல் எங்கே கிடக்கிறது?

போன வாரமும் ஒருவர் திட்ட அறிக்கையோடு வந்தார். குமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் மலையடிவாரத்தில் நிலம் பார்த்து முன்பணமும் கொடுத்தாயிற்று. ஆலை போட்டு, பயிர்க்கழிவிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கப் போகிறாராம். கழிவுக்கு எங்கே போவீர்கள் என்றேன். "வைக்கோல், வாழைத்தண்டு எல்லாம் நம்ம மாவட்டத்தில் சும்மாதானே கிடக்குது சார்." இந்த ஆண்டில் இப்படிச் சொல்கிற நான்காவது ஆள் இவர்.

சும்மா எதுவும் கிடக்கவில்லை, ஐயா! நம்ம மாவட்டத்து நெல் வயல் பகுதியான நாஞ்சில் நாட்டில் அறுப்பு முடிந்ததுமே வைக்கோலுக்கு வியாபாரி வந்து நிற்கிறார். மாட்டுக்குப் போனது போக, காளான் வளர்ப்பவருக்கு, வாழைக்கு மூடாக்குப் போடுபவருக்கு. தேங்காய்த் தொண்டு (மட்டை) நார் எடுக்கும் தும்பு மில்லுக்கு, ரப்பர் மரத்தடி பிளைவுட்டுக்கும் விறகுக்கும். நீங்கள் வாங்க வந்த அன்றே அவர்கள் விலையும் ஏறும்.

கணக்காவது போட்டீர்களா? பானிப்பட்டில் 2022-இல் திறந்த இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திட்டத்தில் கட்டப்பட்டது. ஒரு போகத்தில் ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்றால், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் சேர்த்தும் 50,000 ஏக்கர் வயல் வேண்டும். குமரி மாவட்டம் மொத்தமே 1,672 சதுர கிலோமீட்டர்தான். காடு, குளம், ரப்பர், வீடு எல்லாவற்றையும் சேர்த்த பரப்பில் எட்டில் ஒரு பங்கு நெல்வயலாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு கட்டுகூட மாட்டுக்குப் போகக் கூடாது. வயலெல்லாம் மனையாகிற ஊரில் இது நடக்கிற காரியமா? சின்ன ஆலை போடுகிறேன் என்பார்கள். சரி, அப்போது லிட்டருக்கு என்ன செலவாகும் என்றும் போட்டுப் பாருங்கள்.

வாழைத்தண்டு 10 டன் ஏற்றினால் 9 டன்னுக்கு மேல் தண்ணீர். லாரி வாடகை அந்தத் தண்ணீருக்குத்தான். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே நார் எடுக்கலாம், சாண எரிவாயுக் கலத்தில் போடலாம். தூரத்து ஆலைக்கு வேண்டாம். 2017 ஒக்கி புயலில் சாய்ந்த வாழையையும் ரப்பரையும் பார்த்துவிட்டு, வருஷா வருஷம் அவ்வளவு கிடைக்கும் என்று எழுதிய அறிக்கையையும் படித்திருக்கிறேன்.

அப்புறம் இடம். வயல் மாவட்டத்தின் கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். இவர் பார்த்த நிலம் மேற்கே விளவங்கோட்டில், அதுவும் விலை குறைவு என்பதற்காக! நடுவே வளைந்து வளைந்து போகிற குறுகல் சாலை. வைக்கோல் லாரியில் எடை நிறைவதற்குள் இடம் நிறைந்துவிடும் என்பது இவர்கள் கணக்கில் வருவதே இல்லை. கன்னிப்பூ அறுப்பு முடிந்த கையோடு வடகிழக்கு மழை. நனைந்த வைக்கோல் கட்டுகளை அடுக்கினால் உள்ளே சூடேறி மக்கும், சமயத்தில் தீயும் பிடிக்கும். அறிக்கையில் கொட்டகைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இயந்திரம் விற்பவரிடம் வெட்டுக்கத்தி எத்தனை நாள் தாங்கும் என்று கேளுங்கள். நெல் வைக்கோலில் உள்ள சிலிக்கா கத்தியைத் தின்றுவிடும்.

ஏற்கெனவே ஒரே இடத்தில் குவிகிற கழிவைத் தேடுங்கள்: மர அறுவை மில் தூள், தும்பு மில்லின் நார்க்கழிவு, அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) தோடு. எத்தனாலை மறந்துவிடுங்கள், கழிவை அழுத்தி விறகுபோல எரிக்கச் செய்யும் எரிகட்டி போதும். அங்கேயும் வேறு ஆள் வாங்குகிறாரா என்று விசாரியுங்கள். ஒரு முழு வருஷத்து எடைச்சீட்டு வாங்கி, ஈரத்தைக் கழித்து எழுதுங்கள். கழிவை விற்பவரிடம் விலையை எழுத்தில் வாங்குங்கள்.

தயவுசெய்து, நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள்.