எபிடாக்சி: அடியொற்றுப் படிக வளர்ச்சி

மொரீசியசில் இயற்பியலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் பிரான்சு போகிறவர்களுக்கு இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே ஒலியில் வரும் சொல் 'எபிடாக்சி'. பிரெஞ்சுக் கனிமவியலாளர் லூயி ருவாயே 1928இல் ஆக்கியது. கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல். 'தாக்சிஸ்' என்றால் ஒழுங்குபட நிறுத்துதல். பிரெஞ்சு இலக்கண வகுப்பில் நம் பிள்ளைகள் கேட்கும் 'சின்டாக்ஸ்' என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே தாக்சிஸ்தான். அங்கே சொற்கள் வரிசையில் நிற்கின்றன, இங்கே அணுக்கள்.

'மேற்பூச்சு', 'மேலடுக்கு' என்று பெயர்த்தால் பொருள் பாதி போய்விடும். சுவரில் அடிக்கும் சுண்ணாம்பும் மேற்பூச்சுதான். செங்கல் எப்படி அடுக்கப்பட்டது என்று அது பார்ப்பதில்லை. எபிடாக்சியின் உயிரே கீழுள்ள படிகத்தின் அணு வரிசையைப் பின்பற்றி மேலே வளர்வது. அதற்கு 'அடியொற்றுதல்' என்ற நல்ல வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதிலுள்ள 'அடி', அடித்தளத்தையும் குறித்துவிடும். ஆகவே அடியொற்றுப் படிக வளர்ச்சி.

குறைக்கடத்தியான காலியம் ஆர்சனைடின் மேல் இரும்புப் படலம் வளர்ப்பதைப் பாருங்கள். இரும்பின் அணிக்கோவை மாறிலி, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அணு அலகின் நீளம், 2.866 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), அடித்தளத்தினுடையது 5.653. இரும்பு அலகு இரண்டு சேர்ந்தால் 5.732. மிகுதி 1.4 விழுக்காடுதான், அதனால் இரும்பு சற்றே நெருக்கப்பட்டு அடியொற்றும். படலம் தடிக்கத் தடிக்க இந்த நெருக்கத்தின் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். ஓர் எல்லைக்கு மேல் இடப்பிறழ்வுகள், அதாவது அணு வரிசை தப்பிய இடங்கள், தோன்றி அந்த நெருக்கம் தளர்ந்துவிடும்.

வெப்பம் இதைவிடக் கெடுதல். அடித்தளத்தின் ஆக்சைடை நீக்க, ஆர்சனிக் ஆவி பாயும் வெற்றிடத்தில் ஏறத்தாழ 580 டிகிரி செல்சியசு வரை சூடாக்குவார்கள். இரும்பை இடும் முன் அதை அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டாக வேண்டும். 200 டிகிரியைத் தாண்டினால் இரும்பு, காலியம், ஆர்சனிக் மூன்றும் கலந்து வேறு சேர்மங்களாகி, எல்லைப்பரப்பின் காந்தத்தன்மை கெடும். அறை வெப்பநிலையிலேயே சிறிது ஆர்சனிக் மேலே மிதந்து வரத்தான் செய்யும். வளர்த்து முடித்த படலத்தைத் துருப்பிடிக்காமல் காக்கச் சில நானோமீட்டர் தங்கமோ அலுமினியமோ மூடி வைப்பது வழக்கம்.

அடியொற்றலின் வலிமையைக் காட்டுவது கோபால்ட். அறை வெப்பநிலையில் அதன் இயல்பான அமைப்பு அறுங்கோணம். 1985இல் அமெரிக்க இயற்பியலாளர் கேரி பிரின்ஸ் காலியம் ஆர்சனைடின் மேல் அதைப் பொருள்மையக் கனசதுரமாக, அதாவது மூலைகளிலும் நடுவிலும் அணு நிற்கும் கனசதுரமாக, வளர்த்துக் காட்டினார். இயற்கையில் கோபால்ட் அந்த வடிவில் கிடைப்பதில்லை. அடித்தளத்தின் பிடி எட்டும் வரைதான் அந்த வடிவம். படலம் மிகத் தடித்தால் கோபால்ட் அறுங்கோணத்துக்கே திரும்பிவிடும்.