குட்டி கேபினெட்டில் ஆறு டிஸ்க்

ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். வீட்டில் படம், ஃபைல் எல்லாம் சேர்த்து வைக்கும் ஸ்டோரேஜ் சர்வரில் ஆறு டிஸ்க்கில் ஒன்று போய்விட்டதாம். புது டிஸ்க் கையில் இருக்கிறது, எப்படி மாற்றுவது என்று கேட்டார். "சர்வரை ஆஃப் பண்ணிட்டு, போன டிஸ்க்கை உருவிட்டுப் புதுசைச் செருகுங்க சார், அவ்வளவுதான்" என்றேன். அரை மணி நேரத்தில் மறுபடி போன். "தம்பி, டிஸ்க்கைத் தொடணும்னா கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றணும் போலிருக்கே. அதைக் கழற்றலாம்னா கேபிள் எல்லாம் குறுக்கே நிக்குது. எதைப் பிடுங்கினேன்னு எனக்கே இப்போ தெரியலை."

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். சர்வரின் வெளிப்பெட்டியான கேபினெட் அழகுதான், குறை சொல்ல முடியாது. முழுக்க அலுமினியம், முன்பக்கம் மூடிய பலகை, செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே ஆறு டிஸ்க்கும் ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளியோடு உட்கார்ந்திருந்தன. சர்வரின் பழைய சூட்டுப் பதிவை எடுத்துப் பார்த்தால் நடுவில் இருந்த இரண்டும் பல வாரங்களாக 57 டிகிரியில் ஓடியிருக்கின்றன. செத்தது அந்த இரண்டில் ஒன்று. கேபினெட்டை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரியின் உயரத்தை அளந்து வாங்கினேன் என்றார்.

வீட்டு சர்வர் கட்டித் தருவதும், மற்றவர்கள் கட்டியதைப் பிரித்துச் சரிசெய்வதும் என் பிழைப்பு. எல்லோரும் ப்ராசசருக்கும் டிஸ்க்குக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். கேபினெட்டை மட்டும் கடைசி நாளில், படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

சின்ன கேபினெட்டுகளை லிட்டர் கணக்கில் சொல்வது வழக்கம். ஆறு டிஸ்க் கொள்ளும் பெட்டி ஒன்று 20 லிட்டர், இன்னொன்று 12 லிட்டர் என்றால் எல்லோருக்கும் 12 மேல்தான் கண் போகும். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கின் அளவு 147 மி.மீ. நீளம், 101.6 அகலம், 26.1 உயரம். பெருக்கினால் 0.39 லிட்டர். ஆறும் சேர்ந்து 2.3 லிட்டர்தான். மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டு 170 மி.மீ. சதுரம், ப்ராசசர் கூலரோடு சேர்த்து 60 மி.மீ. உயரம் வைத்தால் 1.7 லிட்டர். எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு எஸ்எம்பிஎஸ் 0.8 லிட்டர். எல்லாம் கூட்டினால் 5 லிட்டருக்குக் கீழே. இரண்டு பெட்டியிலும் இதே சாமான்தான் போகப்போகிறது. அப்படியென்றால் அந்த 8 லிட்டர் எங்கே குறைந்தது? காற்று போகும் வழியிலும், உங்கள் கை போகும் வழியிலும். 20 லிட்டர் பெட்டியில் 15 லிட்டர் காலி இடம் இருந்தால், 12 லிட்டர் பெட்டியில் 7 தான் இருக்கிறது. அதிலும் பாதியைக் கேபிள் அடைத்துக்கொள்ளும்.

சூடு என்றதும் எல்லோரும் பயப்படுவதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மிதமான சூட்டுக்கும் டிஸ்க் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை. ரொம்பச் சூடான நிலையிலும், வயதான டிஸ்க்குகளிலும்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆகவே 38-ஆ 42-ஆ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 50-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் நான் கேபினெட்டைத் திறப்பேன்.

அந்தச் சூட்டை எந்த நாளில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். சும்மா இருக்கும்போது எந்தப் பெட்டியும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஒரு டிஸ்க் போய், புதுசு போட்டு, ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு) தன்னைத்தானே திரும்பக் கட்டும் நாளை நினைத்துப் பாருங்கள். 16 டெராபைட் டிஸ்க், விநாடிக்கு 200 மெகாபைட் வேகம் என்று வைத்தாலும் 22 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க எல்லா டிஸ்க்கும் மூச்சுவிடாமல் ஓடும். ப்ராசசருக்கோ அன்றைக்குப் பெரிய வேலை இல்லை. பெரும்பாலான மதர்போர்டுகள் ப்ராசசரின் சூட்டைப் பார்த்துத்தான் கேபினெட் ஃபேனை ஓட்டுகின்றன. ப்ராசசர் குளிர்ச்சியாக இருக்கிறது, சரி மெதுவாகச் சுற்றுவோம் என்று ஃபேன் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் டிஸ்க் வெந்துகொண்டிருக்கும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய் அந்த ஃபேனுக்கு ஒரு குறைந்தபட்ச வேகத்தை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கேபினெட் பார்க்கும்போது ஃபேன் எத்தனை என்பதைவிட எங்கே என்று பாருங்கள். டிஸ்க் கூண்டுக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருக்க வேண்டும். காற்று சோம்பேறி, சுலபமான வழியில்தான் போகும். கூண்டைச் சுற்றி அரை அங்குலச் சந்து இருந்தால் டிஸ்க்குகளுக்கு நடுவே நுழையாமல் அந்தச் சந்து வழியாகவே வெளியேறிவிடும். மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து, டிஸ்க்குகளுக்கு இடையே காற்று வெளியே வரும் பக்கம் பிடித்துப் பாருங்கள். ஆடவில்லை என்றால் அங்கே காற்று வரவில்லை. அப்படி ஆடாத ஒரு பெட்டியில், டிஸ்க் வந்த அட்டைப் பெட்டியையே வெட்டி, சந்துகளை அடைத்து, ஃபேனிலிருந்து கூண்டு வரை ஒரு குழாய் மாதிரி செய்து டேப் ஒட்டினேன். 8 டிகிரி இறங்கியது. பார்க்க அசிங்கம்தான், மூடி போட்டால் யாருக்குத் தெரியும்?

ஃபேனின் தடிமனையும் பாருங்கள். வழக்கமானது 25 மி.மீ. இடம் மிச்சம் பிடிக்கச் சிலவற்றில் 15 மி.மீ. ஒல்லி ஃபேன் வைத்திருப்பார்கள். நெருக்கமாக அடுக்கிய டிஸ்க்குகளுக்கு நடுவே காற்றைத் தள்ள அதற்குத் தெம்பு போதாது. போதும்படி ஓட்டினால் ஹாலில் உட்கார்ந்து பேச முடியாது.

அப்புறம் ஸ்க்ரூ. சிரிக்காதீர்கள், இதில் மாட்டியவர்கள் நிறையப் பேர். ஸ்க்ரூ இல்லாமல் 'கிளிக்' என்று மாட்டும் தட்டுகள் சில, டிஸ்க்கின் பக்கவாட்டில் நடுவில் இருக்கும் துளையை நம்பியிருக்கின்றன. அதிகக் கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் அந்த நடுத்துளை கிடையாது, அடிப்பக்கத் துளைகளும் இடம் மாறியிருக்கும். டிஸ்க் தட்டில் லொடலொடவென்று ஆடும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120 அதிர்வு. ஆடும் தட்டில் அது கேபினெட்டுக்கும், அங்கிருந்து மேசைக்கும் இறங்கி ரீங்காரமாகக் கேட்கும். நடுவில் ரப்பர் வைத்து நான்கு ஸ்க்ரூ போடும் பழைய பாணித் தட்டுதான் என் தேர்வு.

இன்னொரு வீட்டில் ஒரே இடத்தில் இருந்த டிஸ்க் மூன்று மாதத்தில் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. மூன்றாவதும் தகராறு செய்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் 199-ஆம் எண் என்று ஒன்று உண்டு. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்தால் ஏறும் கணக்கு அது. அது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பக்க மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்புறத்தில், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் தலை அழுத்திய இடத்தில் பெயிண்ட் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. டிஸ்க்கின் பின்பக்கத்துக்கும் மூடிக்கும் இடையே 20 மி.மீ. கூட இல்லை, நேராக நிற்கும் கேபிளை மூடி மடக்கிப் பிடித்திருக்கிறது. எல் வடிவத் தலை உள்ள கேபிள் போட்டதும் கணக்கு நின்றுவிட்டது. வெளியே போட்ட இரண்டு டிஸ்க்கும் நல்ல டிஸ்க்குகளாகவே இருந்திருக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் கணத்தில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆறுக்கும் சேர்த்து 144 வாட். எஸ்எம்பிஎஸ் தாங்கும். சின்ன எஸ்எம்பிஎஸ்களில் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா தலைகள் குறைவு என்பதால் மோலெக்ஸ் என்ற பழைய வகைத் தலையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவுக் கேபிளைத் தேடிப் போவார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த தலை உள்ளதை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, உருகித் தீப்பிடித்ததுண்டு.

மினி ஐடிஎக்ஸ் போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்புகள் பெரும்பாலும் நான்கு, சிலவற்றில் இரண்டுதான் இருக்கும். கார்டு போட ஒரே ஒரு இடம். ஆறு டிஸ்க் என்றால் அந்த இடம், மீதி டிஸ்க்குகளை இணைக்கும் ஸ்டோரேஜ் கார்டுக்குப் போய்விடும். சர்வருக்காகச் செய்த அந்தக் கார்டுகளும் பலத்த காற்றை எதிர்பார்ப்பவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

எதை வாங்கலாம் என்று பெயர் கேட்பவர்களுக்கு, ஃப்ராக்டல் டிசைன் நோட் 304-இன் உள்ளமைப்பைப் படத்தில் பார்க்கச் சொல்வேன். 250 × 210 × 374 மி.மீ., அதாவது 19.6 லிட்டர். ஆறு டிஸ்க்கும் இரண்டிரண்டாக மூன்று சட்டங்களில் தொங்கும். முன்னால் இரண்டு 92 மி.மீ. ஃபேன், பின்னால் ஒரு 140. ஒரு டிஸ்க்கை மாற்ற ஒரு சட்டத்தைக் கழற்றினால் போதும். எட்டு டிஸ்க் வேண்டும், முன்பக்கமாக உருவவும் வேண்டும் என்றால் ஜோன்ஸ்போ என்3. இரண்டும் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், முதலில் சொன்ன அந்த டிவி அலமாரிக்குப் பொருந்தவே பொருந்தாது.

ராத்திரி போன் செய்த அவர் கடைசியில் 20 லிட்டர் பெட்டிக்கு மாறினார். சர்வர் இப்போது ஹாலில் இல்லை, படிக்கும் மேசைக்குக் கீழே இருக்கிறது. போன மாதம் சும்மா போன் செய்து, ரெய்டு சரிபார்ப்பு ஓடும்போது நடு டிஸ்க் 43 என்றார். குட்டி கேபினெட் அதே அலமாரியில்தான் இருக்கிறதாம், ஒரே ஒரு எஸ்எஸ்டியோடு, டிவிக்குப் படம் ஓட்டிக்கொண்டு.