மருந்து போட்டும் பேன் ஏன் திரும்புகிறது?

பேன் மருந்து தேய்த்துக் குளிப்பாட்டிய பத்தே நாளில் பிள்ளை மறுபடி தலையைச் சொறிந்தால், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் குழந்தையின்மேல் பழி போடாதீர்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது தலையில் தப்பிப் பிழைத்த ஈரைத்தான்.

பெண் பேன் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு ஈர் வரை இடும். வெதுவெதுப்பு தேவை என்பதால் தோலையொட்டி, முடியின் அடியிலேயே ஒட்டிவைக்கும். அந்தப் பசை இறுகிவிட்டால் எந்த ஷாம்புவுக்கும் கரையாது. ஊதினால் பறப்பது பொடுகு. நகத்தால் கிள்ளி இழுத்தாலும் வராதது ஈர். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதற்கும் தள்ளி வெள்ளையாகத் தெரிவது அநேகமாக வெறும் கூடு. அதைப் பார்த்து மருந்து போட வேண்டாம். உயிருள்ள பேன் கண்ணில் பட்டால்தான் மருந்து.

பரவலாகப் பயன்படும் 1 சதவீத பெர்மெத்ரின் பேனின் நரம்புகளைத் தாக்கும். புதிதாக இட்ட ஈருக்குள் இருக்கும் கருவுக்கு இன்னும் நரம்பே உருவாகியிருக்காது. அதனால் அது தப்பிவிடும். ஏழு முதல் பத்து நாளில் பொரிந்து, மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாளில் வளர்ந்து, தானும் ஈர் இடத் தொடங்கும். எனவேதான் இரண்டாம் தடவை மருந்தை ஒன்பதாம் நாளையொட்டிப் போடச் சொல்கிறார்கள். அதற்குள் அநேகமாக எல்லா ஈரும் பொரிந்திருக்கும், எந்தக் குஞ்சும் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. இந்த நாளைத் தவறவிட்டால் முதல் தடவை பட்ட பாடெல்லாம் வீண்.

போடும் முறையிலும் பிசகு நேரும். கண்டிஷனர் போட்ட முடியில் மருந்து சரியாக ஒட்டாது. ஈரம் சொட்டும் தலையிலோ நீர்த்துப்போகும். வெறும் ஷாம்புவால் அலசி, துண்டால் ஒற்றியெடுத்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாக ஊற விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். பிறகு ஓரிரு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். மறுநாளும் பேன் சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்துக்கு அது பழகிவிட்டிருக்கலாம். அளவைக் கூட்டாமல் மருத்துவரிடம் வேறு மருந்து கேளுங்கள். மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள், தீப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

மருந்தே வேண்டாம் என்பவர்கள் ஈரத் தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, பேன் சீப்பால் அடி முதல் நுனி வரை வகிடு வகிடாக வாரி, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைக்கலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் பேன் இதற்குப் பழகிக்கொள்ள வழியில்லை.

பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை உரசும்போதுதான் ஏறும். தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாளில் செத்துவிடும். வீடு முழுக்க மருந்தடிப்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் வீட்டிலுள்ள எல்லார் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். அரிப்பு இல்லை என்று யாரையும் விட்டுவிடாதீர்கள்: பேனின் எச்சிலுக்கு உடல் ஒவ்வாமை காட்டுவதுதான் அரிப்பு, முதன்முறை பேன் ஏறியவருக்கு அது தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.