யாரும் தள்ளாத தள்ளுமுள்ளு

சித்ரா பௌர்ணமி விடிய இன்னும் நேரம் இருந்தது. மணி மூன்றரை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த, மதுரையில் ஆழ்வார்புரம் பக்கம் வைகைக் கரையில் எங்களை நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் விசில், கையில் ‘வாலண்டியர்’ என்று எழுதிய பட்டை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர வந்த ஏட்டய்யா ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “தம்பி, சாமி பாக்க வந்திருந்தா அங்கிட்டுப் போயிருங்க. இங்கிட்டு நிக்கிறவுக சாமிக்கு முதுகத்தான் காட்டணும். கண்ணு சனத்து மேலயே இருக்கணும்.”

கூட்ட நெரிசலின் அறிவியலைப் பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் அவர் சொன்னதன் கனம் புரிந்தது.

‘மிதிபட்டுச் சாவு’ என்றுதான் செய்தி வரும். உண்மையில் நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபடுவதில்லை, நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிப் போகிறார்கள். மூச்சை உள்ளே இழுக்க நெஞ்சுக்கூடு கொஞ்சம் விரிய வேண்டும். முன்னும் பின்னும் உடல்கள் அழுத்தினால் அந்த இடம்கூடக் கிடைக்காது. 2022 அக்டோபர் 29 இரவு சியோல் நகரின் இத்தேவான் பகுதியில், சுமார் 3.2 மீட்டர் அகலமே உள்ள ஒரு சரிவுச் சந்து அடைத்துக்கொண்டு 159 உயிர்கள் போயின. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று, அழகர் ஆற்றில் இறங்கிய நேரத்தில் நம் வைகையிலும் நெரிசலில் இரண்டு பேரை இழந்தோம்.

எல்லாம் ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்ற கணக்குதான். கோலப்பொடியால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, வீட்டு ஆட்களை அதற்குள் நிற்க வைத்துப் பாருங்கள். இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். நான்கு பேரானால் தோள் உரசும். ஆறு பேர் நின்றால் கீழே விழுந்த செருப்பைக் குனிந்து எடுக்க முடியாது. ஏழைத் தொட்டுவிட்டால் கூட்டம் ஏறக்குறைய தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது என்று ஜான் ஃப்ரூயின் என்ற பொறியாளர் எழுதினார். அதற்குப் பிறகு நீங்கள் நடப்பதில்லை, கூட்டம் உங்களைக் கொண்டுபோகிறது. காலில் இருக்கும் செருப்பை விட்டுவிட்டு ஆள் மட்டும் நகர்ந்து போவதும் உண்டு.

இதில் யாரும் வேண்டுமென்று தள்ளுவதில்லை என்பதுதான் கொடுமை. பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்க லேசாகச் சாய்கிறார். ஐந்து கிலோ அழுத்தம் என்று வையுங்கள். அவருக்கு முன்னால் இருப்பவர் அதை வாங்கி, தன் பங்கையும் சேர்த்து முன்னே அனுப்புகிறார். இருபது வரிசை தாண்டினால் நூறு கிலோ. முன்வரிசைக்காரர் கம்பித் தடுப்பில் நசுங்குகிறார், கடைசி வரிசைக்காரருக்கோ முன்னால் இடம் கிடைத்த மாதிரி தெரிகிறது. பெரிய விபத்துகளுக்குப் பிறகு இரும்புக் கம்பிகளே வளைந்து கிடந்திருக்கின்றன. அப்படி வளைய ஏறத்தாழ 450 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அதனால்தான் “தள்ளாதீங்க, தள்ளாதீங்க” என்று கத்திப் பயனில்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் ‘நான் எங்கே தள்ளினேன்?’ என்றுதான் நினைப்பார்.

அபாயம் வருமுன் கூட்டம் ஒரு அடையாளம் காட்டும். கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து தலைகளைப் பார்த்தால், காற்றடிக்கும் நெல்வயல் மாதிரி அலை ஓடுவது தெரியும். ஸ்பெயினின் பம்ப்ளோனா திருவிழாக் கூட்டத்தை பிரெஞ்சு இயற்பியலாளர்கள் படம் எடுத்து ஆராய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்ற அளவைத் தாண்டியதும், நூற்றுக்கணக்கானவர்கள் தங்களை அறியாமலே ஒன்றாக வட்டமாக ஆடத் தொடங்குகிறார்கள். அங்கே ஒரு சுற்றுக்கு சுமார் 18 நொடி. தாங்கள் ஆடுவது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வெளியே நின்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டியிருக்கிறார்.

அலையைக் கண்டால் முன்னால் போய்க் கயிறு பிடித்து மல்லுக்கட்டக் கூடாது, அது நசுங்கும் இடத்தில் இன்னொரு சுவரை வைக்கும் வேலை. கடைசி வரிசையிலிருந்து அவிழ்க்க வேண்டும். “பின்னாடி நிக்கிற அண்ணே, ரெண்டு எட்டு பின்னாடி போங்க” என்று கடைசியில் தொடங்கி வரிசை வரிசையாக. கூடவே, புதிதாக வரும் கூட்டத்தைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி வாக்கி டாக்கியில் தகவல் போக வேண்டும்.

வெளியேறும் வழிக்கும் ஒரு கணக்கு உண்டு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 பேர் போகலாம். இரண்டு மீட்டர் வழியில் 5,000 பேர் கலைய அரை மணி நேரம். அவசரப்பட்டால் இன்னும் தாமதமாகும்: புனலில் வேர்க்கடலையை மொத்தமாகக் கொட்டினால் வாயில் வளைவு கட்டி நின்றுவிடுமே, அப்படி. நீர்மோர்ப் பந்தலைச் சந்து வாயில் போடாதீர்கள் என்று வாலண்டியர்கள் கெஞ்சுவது இதனால்தான். புண்ணியம் பத்தடி தள்ளிப் போட்டாலும் கிடைக்கும்.

அன்று எங்கள் பக்கம் வந்த ஒரே சோதனை நாலரை மணிக்கு. யாரோ “சாமி வந்துருச்சு!” என்று குரல் விட்டார்கள். அத்தனை பேரும் நுனிக்காலில் எழுந்தார்கள். நுனிக்காலில் நிற்பவர் சாயாமல் இருக்க முடியாது, கரைச் சரிவில் கேட்கவே வேண்டாம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு அக்கா தடுப்பில் ஒட்டிக்கொண்டார். குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் வாங்கினோம். அவரை இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னோம், மூச்சுக்கு அந்த இடைவெளி போதும். எதிர்த்துத் தள்ளாமல், அலை தளரும் நொடியில் குறுக்காக ஓரத்துக்கு நகரச் சொன்னோம்.

ஏட்டய்யா மெகாபோனை வாங்கினார். அதட்டவில்லை. “அழகர் இன்னும் தல்லாகுளத்துலதான் இருக்காரு. பொறப்படவே நேரமிருக்கு. நிதானமா உக்காருங்கத்தா.” பின்வரிசைகள் முதலில் உட்கார்ந்தன. அவர்கள் உட்கார உட்கார, முன்னால் தோள்களுக்கு இடையே இருட்டு தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டது ஒன்றுதான். “என்ன கலர் பட்டுடா கட்டியிருந்தாரு?” பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.