வேர் தாங்குகிறது என்று யார் சொன்னது?

இந்த முறை உடைந்தது ஒருவரின் தோள்பட்டை எலும்பு. போன முறை கணுக்கால். ஆற்றுத் தீவில் பாழடைந்து கிடக்கும் ஆலையைப் பூங்கா என்று திறந்துவிட்டால் போதும், வேர் படர்ந்த சுவரில் சாய்ந்து படம் எடுக்கக் கூட்டம் வந்துவிடுகிறது. அடிபட்ட பிறகுதான் என்னைப் போன்ற கட்டமைப்புப் பொறியாளர்களைக் கூப்பிடுவார்கள். போய் நின்றால் எல்லாரிடமும் ஒரே வசனம்: "நூறு வருஷமா நிக்குது சார், வேர்தான் பிடிச்சிக்கிட்டு இருக்கு."

வேர் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை ஐயா. பறவை போட்ட விதை சுவரின் தலையில் முளைக்கிறது, வேர் ஈரத்தைத் தேடிச் சுண்ணாம்புச் சாந்துக்குள் நூல் மாதிரி நுழைகிறது, அப்புறம் வருஷா வருஷம் பருக்கிறது. அது பருக்க இடம் எங்கிருந்து வரும்? செங்கல்தான் நகர வேண்டும். மேலே இலையும் கிளையுமாக அடர்ந்த பிறகு, காற்றடிக்கும்போதெல்லாம் மரம் அந்தச் சுவரைப் பிடித்து ஆட்டுகிறது. சுவருக்கோ கூரை போன அன்றே பக்கத்துணை போய்விட்டது. முன்பு உத்தரங்கள் இழுத்துப் பிடித்திருந்த உயரம் இப்போது தனியாக நிற்கிறது. வேர்வலை நாலு கல்லைச் சேர்த்துக் கட்டியிருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் விழும்போது அந்த நாலும் சேர்ந்து விழும். நூறு வருஷம் நின்றது என்பதும் எனக்கு ஆறுதல் தரவில்லை, அதில் பாதிக்கு மேல் கூரையோடு, ஆள் வைத்துப் பராமரித்து நின்ற கணக்கு.

தீவு என்பதால் வெள்ளமும் உண்டு. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில், ஷெனண்டோவா ஆற்றில் இருக்கும் விர்ஜீனியஸ் தீவில் பஞ்சாலை, மாவு மில் எல்லாம் ஓடின. 1870, 1889, 1936 என்று அடுத்தடுத்து வந்த வெள்ளங்கள் அடித்துப் போட்டதில் இன்று அங்கே காட்டுக்குள் அடித்தளமும் நீர்க்கால்வாயும்தான் மிச்சம். போய்ப் பார்க்க வேண்டிய இடம், சந்தேகமில்லை. ஆனால் எங்கேயானாலும் வெள்ளம் வடிந்த மறுநாள் போகாதீர்கள். ஆறு சட்டென்று இறங்கிவிடும், சுவருக்குப் பின்னால் மண் குடித்த நீர் இறங்காது, அது உள்ளிருந்து வெளியே தள்ளும். வெயில் அடிக்கிறதே என்று குடும்பத்தோடு கிளம்பும் நாளும் அதுதான்.

கீழேயும் பாருங்கள். இலைச்சருகு மூடிய தரை எல்லாம் தரை இல்லை. ஆற்றுநீரால் ஆலையை ஓட்டிய டர்பைன் குழி, நீர்ச்சக்கரக் குழி, துருப்பிடித்த தகட்டால் மூடிய சாக்கடை எல்லாம் அங்கேதான் இருக்கும். பாசி மூடிய தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் தலையை விடவே விடாதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும்போதே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது, அழுகும் இலையும் கூடச் சேர்ந்துகொள்ளும். உடைந்து கிடக்கும் பழைய சிமென்ட் தகடு, தூசியால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், மிதித்து நொறுக்க வேண்டாம்.

பச்சையாக இருந்தால் மண் சுத்தம் என்று அர்த்தமும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பழைய எரிவாயு ஆலையை 1975இல் பூங்காவாகத் திறந்தார்கள், மண்ணில் தார்க்கழிவு ஊறியிருந்ததால் பிற்பாடு மேலே புதுமண் போட்டு மூட வேண்டியிருந்தது. ஆலையின் கோபுரங்களை இடிக்கவில்லை, வேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றாலும் படம் நன்றாகத்தான் விழுகிறது! பாழ்ஆலை மண்ணில் முளைத்த கீரையையும் பழத்தையும் பறித்துத் தின்னாதீர்கள். குழந்தை மண்ணில் விளையாடினால் கை கழுவிவிடுங்கள்.

சுவரின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள். கடைசியாகப் பூங்கா நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே அரிவாளோடு கிளம்பிவிடாதீர்கள். மரத்தை மட்டும் வெட்டினால் உள்ளே வேர் அழுகி, அது இருந்த இடம் வெற்றுப் பொந்தாகிவிடும். முதலில் வேலி போடுங்கள், சுவருக்கு முட்டுக் கொடுங்கள், அதற்குப் பிறகு மரத்தில் கை வையுங்கள்.