செயின் சா பல்லும் அதன் முன்னால் நிற்கும் மேடும்

மாங்காய் அறுவடை முடிந்ததும் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்துத் தோப்புகளில் செயின் சா சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். காய்ப்பு குறைந்த பழைய மரங்களில் கிளை கழிப்பார்கள். புளி, தைலமரம் அறுக்கும் வேலையும் இருக்கும். அந்த நேரத்தில் மெஷினுக்கு அடியில் தரையைப் பாருங்கள். பட்டை பட்டையாகச் சீவல் விழுந்தால் செயின் அறுக்கிறது. நைசான தூள் விழுந்தால் அது மரத்தை வெறுமனே தேய்த்துக்கொண்டிருக்கிறது.

இன்றைய செயினின் பல், மரத்தைச் சீவி எடுப்பதற்காக அமைந்தது. இந்த வடிவம் ஒரு புழுவைப் பார்த்துப் பிறந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் பஃபோர்ட் காக்ஸ், 1946இல் ஒரு மரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். வளைந்த இரு தாடைகளையும் இடமும் வலமுமாக அசைத்து, நாரின் போக்கிலும் குறுக்கிலும் அது சுலபமாக முன்னேறியது. அந்தத் தாடையை எஃகில் செய்து, அடுத்த ஆண்டே செயினாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

செயினில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும். பல்லின் பக்க விளிம்பு நாரைத் துண்டிக்கும். மேல் விளிம்பு அந்த நாரை அடியிலிருந்து பெயர்த்துத் தள்ளும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறது. பல்லை ராவுகிறவர்களில் பலர் இந்த மேட்டைத் தொடுவதே இல்லை. என்னைக் கேட்டால் செயினில் அதிகம் கவனிக்க வேண்டிய இடமே அதுதான். தச்சரின் இழைப்புளியில் உளி கட்டைக்கு வெளியே எவ்வளவு நீட்டியிருக்கிறதோ, அவ்வளவு தடிமனில்தானே சீவல் வரும்? அந்தக் கட்டையின் வேலையை இங்கே மேடு செய்கிறது. பல்லின் நுனியைவிட மேடு சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருப்பது பல செயின்களுக்குப் பொதுவான அளவு.

பல்லின் மேல்பகுதி பின்பக்கமாகச் சரிந்திருக்கும். அதனால் ராவ ராவப் பல்லின் உயரம் குறையும். மேடு மட்டும் அப்படியே நிற்கும். பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மேடு தடுத்தால் மரத்தைத் தொட முடியாது. ‘புதுசாக ராவியும் அறுக்கலையே’ என்று தூக்கிப் போடும் செயின்களில் பலவற்றுக்கு, தட்டை அரத்தால் மேட்டை இரண்டு இழுப்பு ராவினாலே உயிர் வந்துவிடும். அளவுகோல் தகடு வைத்துப் பார்த்து ராவுங்கள். மேடு அளவுக்கு மீறித் தாழ்ந்தால் பல் ஒரேயடியாக ஆழமாகக் கடிக்கும். மெஷின் திடீரென்று ஆளை நோக்கி எகிறும் அபாயம் கூடும்.

சரி, புதுச் செயின் வாங்கும்போது? பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின், நீளத்தை மட்டும் சொன்னால் போதாது. முதலில் பிட்ச் தெரிய வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தில் பாதிதான் பிட்ச். 0.325 இஞ்ச், 3/8 இஞ்ச் இரண்டும் பரவலாகக் கிடைப்பவை. செயினைச் சுழற்றும் ஸ்பிராக்கெட்டின் பிட்சும் அதுவாகவே இருக்க வேண்டும். அடுத்தது கேஜ், அதாவது பாரின் காடிக்குள் ஓடும் டிரைவ் லிங்க்கின் தடிமன். தடிமன் கூடினால் காடிக்குள் நுழையாது. குறைந்தால் ஆடிக்கொண்டே ஓடி, அறுப்பு கோணலாகும். கடைசியாக டிரைவ் லிங்க்குகளை எண்ணுங்கள். ஒரே 18 இஞ்ச் பாருக்கும் கம்பெனிக்குக் கம்பெனி எண்ணிக்கை மாறும். பழைய ஸ்பிராக்கெட் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுச் செயினையும் அது கெடுத்துவிடும்.

பல்லின் வடிவத்திலும் தேர்வு உண்டு. ஃபுல் சிசல் பல்லின் மூலை சதுரமாக இருக்கும். சுத்தமான மரத்தில் வேகமாக அறுக்கும், சீக்கிரம் மழுங்கும். செமி சிசலின் மூலை சற்று உருண்டிருக்கும். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் அழுக்கு மரத்திலும் கூர்மை தாங்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ், பல்லின் எஃகைவிடக் கடினமானது. தர்மபுரி, பென்னாகரம் பக்கம் செம்மண் தூசி படிந்த அடிமரத்தையும், வைரம் பாய்ந்த காய்ந்த புளியையும் அறுக்க செமி சிசல்தான் என் தேர்வு. சாலையோரப் புளியமரம் என்றால் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கலாம். அறுக்கும் முன் பட்டையைத் தடவிப் பாருங்கள்.

ராவும்போது எஞ்சினை அணைத்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். 0.325 பிட்ச்சுக்கு 4.8 மி.மீ. வட்ட அரம் பொருந்தும். பல்லின் மேல்பூச்சு மெல்லிய குரோமியம். வெட்டும் விளிம்பே அதுதான். எனவே உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளும்போது மட்டும் ராவ வேண்டும், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். கல்லில் பட்ட பல்லை, பூச்சு சிதையாத இடம் வரும்வரை ராவுங்கள். எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். ஒரு பக்கப் பற்கள் மட்டும் குட்டையானால் அறுப்பு ஒரு பக்கமாக இழுக்கும்.

பார் ஆயிலுக்குப் பதில் கழிவு எஞ்சின் ஆயில் ஊற்றுவது இங்கே சகஜம். அதில் மிதக்கும் உலோகத் துகள்கள் பாரையும் ரிவெட்டையும் அரிக்கும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வேலையின் நடுவே செயின் சூடேறி நீளும்; அப்போது இறுக்கினால், வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிட்டு வையுங்கள். இறுக்கியபடியே விட்டால் ஆறும்போது செயின் சுருங்கி, பாரையும் எஞ்சினின் கிராங்க் தண்டையும் இழுக்கும்.