ஒரு சிப்புக்கு ஒரு ராண்ட்

புரட்டாசி சனிக்கிழமை. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டில் சாப்பிட்டு இலையை எடுத்த கையோடு, அவள் மகன் கைபேசியை என் முன்னால் நீட்டினான். "மாமா, இந்தச் சிப் கம்பெனி ஒரு பெரிய ஜப்பான் கம்பெனிகூட லைசென்ஸ் போட்டிருக்கு. இப்பவே வாங்கிப் போட்டா நாளைக்கு இதுதான் இன்னொரு நாஸ்பர்ஸ்."

நாஸ்பர்ஸ் பெயரைச் சொல்லிவிட்டால் தென்னாப்பிரிக்காவில் மறுத்துப் பேசுவது கடினம். கேப் டவுனில் பத்திரிகை நடத்திவந்த அந்த நிறுவனம் 2001-இல் 3.2 கோடி டாலருக்கு டென்சென்ட் என்ற சீன இணைய நிறுவனத்தில் ஏறக்குறைய பாதிப் பங்கை வாங்கி, ஜோகன்னஸ்பர்க் பங்குச்சந்தையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றானது. ஆனால் மருமகன் காட்டிய கம்பெனியின் பிழைப்பே வேறு. அது சிப்பை விற்பதில்லை, சிப்பின் வடிவமைப்பை விற்கிறது. அந்தப் பணம் எந்த வழியாக, எவ்வளவு மெதுவாக வருகிறது என்று தெரியாமல் நம் பிள்ளைகள் சம்பளத்தைப் போடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வழிபோட்டது ஆர்ம். 1990-இல் ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ மூன்றும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. கேம்பிரிட்ஜ் அருகே ஒரு பழைய கொட்டகையில் 12 பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை கட்டப் பணமில்லை. அதனால் சிப்பின் மூளையான செயலியை (புராசசர்) வடிவமைத்து, அதைப் பயன்படுத்தும் உரிமையை மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள்.

வாங்குபவர் கைக்கு வருவது ஒரு பொருள் அல்ல. மின்சுற்று எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கணினி மொழியில் எழுதிய கோப்புகள். உரிமத்திலும் இரண்டு வகை உண்டு. நம் ஊர் மசாலாக் கடையை வைத்துச் சொன்னால், ஒன்று அரைத்துக் கட்டிய பொட்டலம்: முழுச் செயலியையும் அப்படியே எடுத்து உங்கள் சிப்பில் பதித்துக்கொள்ளலாம். மற்றது, காரமும் மணமும் இப்படி இருக்க வேண்டும் என்ற விதி மட்டும்: அரைப்பது உங்கள் பாடு. ஆப்பிள் இரண்டாவது வகை உரிமத்தை வைத்துத்தான் ஐபோன் செயலிகளைத் தானே வடிவமைக்கிறது.

பணமும் இரண்டு தவணையில் வரும். கையெழுத்தாகும்போது உரிமத் தொகை. பிறகு, வாங்கியவர் விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சிறு பங்கு, அதுதான் ராயல்டி. மருமகனின் கனவு முழுக்க இந்த ராயல்டியில்தான் இருந்தது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஆர்மின் வடிவமைப்போடு 3,000 கோடிக்கு மேல் சிப்புகள் விற்றன. அதற்கு வந்த ராயல்டி சுமார் 168 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு சிப்புக்கு ஐந்தரை அமெரிக்க சென்ட், அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு ராண்ட். விலை உயர்ந்த கைபேசிச் சிப் இதைவிட அதிகம் தரும், சலவை இயந்திரத்துச் சிப் குறைவாகத் தரும். ஆனாலும் கோடிக்கணக்கில் விற்றால்தான் இது பணமாகும்.

அந்தக் கோடி வருவதற்குள் நடப்பதைப் பாருங்கள். வாங்கியவர் அந்தக் கோப்புகளை நினைவகம், ரேடியோ போன்றவற்றோடு சேர்த்து முழுச் சிப்பாக வடிவமைக்க வேண்டும். மாதக்கணக்கில் பிழை தேட வேண்டும். பிறகு தைவானின் டிஎஸ்எம்சி போன்ற சிப் ஆலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு சிலிக்கான் தட்டு எல்லாப் படிகளையும் கடந்து வெளிவரவே சுமார் மூன்று மாதம் ஆகும். முதல் மாதிரியில் தப்பு இருந்தால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். கார் என்றால் பாதுகாப்புச் சோதனைகள் வேறு. கையெழுத்துக்கும் முதல் ராயல்டிக்கும் இடையே மூன்று நான்கு ஆண்டு போவது இயல்பு. நடுவில் வாங்கியவர் மனம் மாறி அந்தத் திட்டத்தையே கைவிட்டால், ராயல்டி ஒரு சென்ட்டும் வராது.

இந்த இடைவெளியில்தான் ஊகம் முளைக்கிறது. ஆஸ்திரேலியச் சந்தையில் பட்டியலிட்ட பிரெயின்சிப் என்ற நிறுவனத்தின் கதை இதற்குச் சரியான பாடம். நரம்பணுக்களைப் போல, தகவல் மாறும்போது மட்டும் கணக்கிட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அதன் வடிவமைப்பு உண்மையிலேயே அழகானது. 2020 டிசம்பரில் ஜப்பானின் சிப் நிறுவனமான ரெனேசாஸ் உரிமம் வாங்கியது. 2022 ஜனவரியில் மெர்சிடிஸ் தன் இக்யூஎக்ஸ்எக்ஸ் காரில் குரல் கட்டளைக்கு அந்தச் சிப்பைப் பயன்படுத்தியதாகச் சொன்னது. பங்கு இரண்டு ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. ஆனால் அந்தக் கார் கடைக்கு வராத மாதிரி வண்டி. நிறுவனத்துக்கு 2022-இல் வந்த வருமானம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். 2023-இல் இரண்டரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. உரிமத் தொகை வந்தால் ஒரேயடியாக வரும், இல்லையென்றால் வறட்சிதான். 2024-இல் ஒரு கட்டத்தில் பங்கு 25 ஆஸ்திரேலிய சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. அறிவிப்பில் பொய் எதுவும் இல்லை. அதற்கு மேல் வாசகர்கள் கட்டிய மாடிகள்தான் விழுந்தன.

"அப்போ கம்பெனியே சொந்தமா சிப் செஞ்சு வித்துட்டா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஒரு சிப்புக்கு ஒரு ராண்டுக்குப் பதில் முழு விலையும் கிடைக்கும். ஆனால் தயாரிப்புச் செலவும், விற்காமல் தேங்கும் சரக்கும் அதன் தலையில் விழும். அதைவிட, நேற்றுவரை வடிவமைப்பை வாங்கிய வாடிக்கையாளரோடு நாளை அதே சந்தையில் மோத வேண்டிவரும். 2025 ஜூலையில் ஆர்மின் தலைவர் ரெனே ஹாஸ் அந்தத் திசையில் முதலீடு செய்வதாகச் சொன்னபோது பங்கு சரிந்தது. வருமானக் கணிப்பு மந்தமாக இருந்ததும் ஒரு காரணம். சொந்தத் தயாரிப்பு என்ற செய்தி வந்தாலே விலை ஏறும் என்று நினைப்பவர்கள் இந்தச் சரிவை மறந்துவிடுகிறார்கள்.

பொறுமை இருந்தால் ராயல்டிக்கு ஒரு வலிமையும் உண்டு. ஒருமுறை நல்ல சிப்பில் நுழைந்துவிட்டால் அது பல ஆண்டு தொடரும். அதே 2023 நிதியாண்டில் ஆர்முக்கு வந்த ராயல்டியில் 46 சதவீதம், 1990-க்கும் 2012-க்கும் இடையே வெளியான வடிவமைப்புகளிலிருந்து வந்தது. மருமகனுக்கு இது பிடித்திருந்தது.

மாலையில் ஃபீனிக்ஸுக்குக் கிளம்பும்முன் அந்தக் கம்பெனியின் காலாண்டு அறிக்கையைத் திறக்கச் சொன்னேன். உரிம வருமானம் ஒரு வரி, ராயல்டி ஒரு வரி. ராயல்டிக்கு நேராகச் சுழியம். "இந்த ஜப்பான்காரன் எந்தப் பொருளில் போடப்போறான், எப்போ கடைக்கு வரும்னு எங்க போட்டிருக்கு மாமா?" என்று கேட்டபடி, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தான்.